ஒரு டாலருக்கு விற்ற பாலம்: பொக்கிப்சி ரயில் பாலம் கைவிடப்பட்டதும் மீண்டதும்

1984-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான எஃகுப் பாலம் ஒன்று ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. ஹட்சன் ஆற்றின் நீர்மட்டத்திலிருந்து 212 அடி உயரத்தில் நிற்கும் பாலம் அது. கட்டி முடித்தபோது உலகிலேயே நீளமான பாலம் என்று பெயர் பெற்றது. விற்றது கான்ரெய்ல் என்னும் ரயில் நிறுவனம், வாங்கியவர் தனிநபர். 1990-இல் அவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார், அதுவும் ஒரு டாலருக்குத்தான்.

இரும்பை எடைக்குப் போட்டிருந்தாலே கூடுதலாகக் கிடைத்திருக்குமே என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கிரயத்தோடு சேர்ந்து போனவை எவை என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சொத்துவரி போனது. கப்பல்களுக்காக இரவில் எரிய வேண்டிய விளக்குகளின் பராமரிப்பு போனது. கீழேயுள்ள சாலையிலும் வீட்டுக் கூரைகளிலும் ஏதாவது விழுந்தால் வரக்கூடிய வழக்குகள் போயின. என்றாவது ஒருநாள் இடிக்க நேர்ந்தால் ஆகும் செலவும் போனது. இத்தனையையும் தலையிலிருந்து இறக்கி வைக்க கான்ரெய்ல் ஒரு டாலர் வாங்கிக்கொண்டது. என்னைக் கேட்டால் பணம் கொடுத்துத் தள்ளிவிட்டிருந்தாலும் அதற்கு லாபம்தான்.

கைவிடப்பட்ட பாலங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகத் துருவைப் பற்றியே எழுதுகிறார்கள். பொக்கிப்சி நகரத்துப் பாலத்தைப் பொறுத்தவரை துரு இரண்டாம்பட்சம். தீப்பிடித்த 1974 முதல் நடைபாதையாகத் திறக்கப்பட்ட 2009 வரையிலான 35 ஆண்டுகளும், இந்தப் பாலத்துக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடின.

நிலக்கரிக்காகக் கட்டிய பாலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹட்சன் ஆறு வடகிழக்கு அமெரிக்காவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடியது. மேற்கே பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள். கிழக்கே நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மூலை மாநிலங்களின் ஆலைகள். நியூயார்க் நகரத்துக்கும் ஆல்பனிக்கும் இடையே ஏறத்தாழ 150 மைல் தூரத்துக்கு ஆற்றின் குறுக்கே ஒரு பாலமும் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய நடுவில், கிழக்குக் கரையில் இருந்தது பொக்கிப்சி. அங்கே வணிகக் கல்லூரி ஒன்றை நடத்தி, பிறகு நகரத்தின் மேயராகவும் ஆன ஹார்வி ஈஸ்ட்மன், பாலம் வந்தால் ஊர் செழிக்கும் என்று முன்னின்றார். 1871-இல் பாலக் கம்பெனிக்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி கிடைத்தது.

1873 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்க நிதிச் சந்தை சரிந்திருந்தது. திட்டத்தில் ஆர்வம் காட்டிவந்த பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர் எட்கர் தாம்சன் 1874-இல் இறந்துபோனார். 1876-இல் மீண்டும் தொடங்கிய வேலை இரண்டே ஆண்டில் பணமில்லாமல் நின்றது. ஈஸ்ட்மனும் 1878-இல் காலமானார். 1886-இல் புதிய ஒப்பந்தக்காரர்கள் வந்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. 1888 இறுதியில் முதல் ரயில் கடந்தது. பாலம் கட்டும் எண்ணம் உறுதிப்பட்டதிலிருந்து அதன்மேல் ரயில் ஓடும்வரை 17 ஆண்டுகள் ஆகிவிட்டன. பிற்காலத்தில் இந்தப் பாலத்தை மீட்க ஆன காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அஸ்திவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலத்தின் மறுவாழ்வுக்கே அதுதான் ஆதாரமாக இருந்தது. அங்கே ஹட்சன் ஆற்றின் அடியில் சேறு மிக ஆழமாகப் படிந்திருக்கிறது. தூண்களைத் தாங்கும் கெட்டியான சரளை அடுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 130 அடி ஆழத்தில் கிடந்தது. அதே காலத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்குக் காற்றழுத்தப் பெட்டிகளை ஆற்றடியில் இறக்கி, அவற்றுக்குள் ஆட்களை அனுப்பித் தோண்டினார்கள். அழுத்த நோயால் பலர் முடங்கினார்கள், தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் உட்பட. பொக்கிப்சியின் ஆழத்துக்கு அந்த முறை ஒத்துவராது. எனவே கனமான மரங்களை அடுக்கி, நடுவில் கிணறுபோன்ற திறப்புகளை விட்டு, ராட்சதப் பெட்டிகளைச் செய்தார்கள். திறப்புகளின் வழியே வாளிகளை இறக்கிச் சேற்றை அள்ள அள்ள, பெட்டி தன் எடையிலேயே கீழே போயிற்று. கெட்டித் தரையைத் தொட்டதும் திறப்புகளைக் காங்கிரீட்டால் நிரப்பினார்கள். ஆற்றடிக்கு ஒரு மனிதரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. காற்றுப் படாமல் நீருக்கடியில் புதைந்த மரம் எளிதில் மக்குவதில்லை. நூறாண்டுகளுக்கும் பிறகு முக்குளிப்பவர்களை அனுப்பிச் சோதித்தபோது அஸ்திவாரம் பாலத்தைத் தாங்கும் நிலையிலேயே இருந்தது.

மேற்கட்டுமானத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஆற்றின் மேல் மொத்தம் ஏழு கண்கள். அவற்றில் 525 அடி நீளமுள்ள இரண்டை மட்டும் ஆற்றிலிருந்து சாரம் எழுப்பிக் கட்டினார்கள். சுமார் 548 அடி அகலமுள்ள மூன்று பெரிய கண்களை இருபுறத் தூண்களிலிருந்தும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்து நடுவில் இணைத்தார்கள். அதாவது கேண்டிலீவர் முறை. கீழே கப்பல் போக்குவரத்து ஒருநாளும் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஃபோர்த் பாலம் இதே முறையில் இதே ஆண்டுகளில்தான் எழுந்துகொண்டிருந்தது. அது 1890-இல் திறக்கப்பட்டு உலகப்புகழ் பெற்றது. ஓராண்டு முன்னதாகவே முடிந்த பொக்கிப்சியைப் பொறியாளர்களுக்கு வெளியே அதிகம் பேர் அறியவில்லை.

கனத்துப்போன ரயில்கள்

1880-களின் ரயில் எஞ்சின்களை மனத்தில் வைத்து வடிவமைத்த பாலம் இது. இருபது ஆண்டுகளுக்குள் எஞ்சின்களும் வேகன்களும் பல மடங்கு கனத்துவிட்டன. நியூ ஹேவன் ரயில்வே இந்தத் தடத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகு, ரால்ஃப் மொஜெஸ்கி என்ற பொறியாளரின் யோசனைப்படி 1906, 1907-இல் பாலத்தைப் பலப்படுத்தினார்கள். இருபுறமும் இருந்த இரண்டு சட்டகங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சட்டகம் நுழைக்கப்பட்டது. அதுவும் சில ஆண்டுகளில் போதாமல் போயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் இரட்டைத் தண்டவாளங்களை நெருக்கி ஒன்றுக்குள் ஒன்று பின்னியதுபோல் போட்டார்கள். பாரம் நடுச் சட்டகத்துக்கு அருகிலேயே இறங்கும், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் கருவியும் வேண்டாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் கடக்க முடியும். அதுவும் மணிக்கு 12 மைல் வேகத்தில், ஊர்ந்துகொண்டு.

அப்படி ஊர்ந்தே உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு 3,500 வேகன்கள் வரை கடந்தன என்பதுதான் வியப்பு. ஆற்றின் மேற்கே மேப்ரூக் என்ற சிற்றூரில் பிரம்மாண்டமான ரயில் யார்டு ஒன்று வளர்ந்தது. மேற்கிலிருந்து வரும் பல கம்பெனிகளின் ரயில்கள் அங்கே வேகன்களைப் பிரித்துக் கொடுக்க, நியூ ஹேவன் அவற்றைச் சேர்த்துப் பாலத்தின் வழியே நியூ இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும். நியூயார்க்கில் ஹெல் கேட் பாலம் 1917-இல் திறக்கப்படும்வரை, வாஷிங்டனுக்கும் பாஸ்டனுக்கும் இடையே ஓடிய பயணிகள் ரயிலும் சில ஆண்டுகள் இந்த வழியாகத்தான் போயிற்று.

ஊருக்கு இந்தப் பாலம் வேறொரு விதத்தில் அடையாளமாயிற்று. 1895 முதல் 1949 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி பொக்கிப்சியில்தான் பெரும்பாலும் நடந்தது. மேற்குக் கரையில் ஓடும் ரயிலின் திறந்த வேகன்களில் பலகை இருக்கைகளைப் போட்டு, அந்த ரயிலையே படகுகளோடு கூடவே ஓட்டி, ரசிகர்களைப் பார்க்க வைத்தார்கள். படகுகள் பாலத்துக்குக் கீழே புகுந்து போகும்.

தெற்கே சற்றுத் தள்ளி 1930-இல் வாகனங்களுக்கான மிட்-ஹட்சன் தொங்கு பாலம் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவரும் அதே மொஜெஸ்கிதான். ரயில் பாலத்துக்கு ஆயுளைக் கூட்டிக் கொடுத்தவரே, லாரிகளுக்கும் பக்கத்தில் வழி செய்து கொடுத்தார்.

தீக்கு முன்பே தொடங்கிய முடிவு

பாலம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டால் எல்லோரும் 1974-ஆம் ஆண்டுத் தீயைச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தீ வருவதற்கு முன்பே இந்தப் பாலம் தன் முதலாளிக்கு வேண்டாத பொருளாகிவிட்டது.

அந்த முதலாளி பென் சென்ட்ரல். 1968-இல் பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரு பழைய போட்டியாளர்கள் இணைந்து உருவான நிறுவனம் இது. ஏற்கெனவே திவாலாகியிருந்த நியூ ஹேவனையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும் என்று அதன்மேல் நிபந்தனை விதிக்கப்பட்டது. 1969 தொடக்கத்தில் அதுவும் நடந்தது. நியூ ஹேவனோடு பொக்கிப்சி பாலமும் வந்து சேர்ந்தது.

சரக்குக் கட்டணம் எப்படிப் பங்கிடப்படும் என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்து நடந்தவை விளங்கும். ஒரு வேகன் சிகாகோவிலிருந்து கனெக்டிகட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஈரி லாக்கவானா என்ற போட்டிக் கம்பெனியின் ரயிலில் மேப்ரூக் வரை வந்து, அங்கிருந்து பாலம் வழியாகப் போனால், பென் சென்ட்ரலுக்குக் கடைசித் துண்டுக்கான பங்கு மட்டுமே கிடைக்கும். அதே வேகன் பென் சென்ட்ரலின் சொந்தத் தடத்திலேயே ஆல்பனிக்கு அருகிலுள்ள செல்கர்க் யார்டு வழியாக வந்தால் முழுக் கட்டணமும் அதற்கே. சுற்றுவழிதான், ஆனால் கல்லா தன்னுடையது. செல்கர்க்கில் புதிய யார்டும் 1968-இல் தயாராகிவிட்டது. போட்டியாளர்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கும் ஒரு பாலத்தைப் பராமரிக்க பென் சென்ட்ரலுக்கு என்ன அவசியம்? 1970 ஜூனில் அந்த நிறுவனமே திவாலானது. மேப்ரூக் வழியே போன ரயில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன.

மரக் கட்டைகள் பரப்பிய பாலத்தில் தீ புதிய ஆபத்து இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்து பொறி தெறிக்கும். மக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற எண்ணெயில் ஊறவைத்த ஸ்லீப்பர் கட்டை பற்றிக்கொள்ளும். அதற்காகவே பாலத்தில் காவலாளிகள் இருந்தார்கள்; தண்ணீர்க் குழாயும் போட்டிருந்தார்கள். சிக்கன நடவடிக்கையில் காவலாளிகள் போனார்கள். குளிர்காலத்தில் உறைந்து கெட்ட குழாயை யாரும் சரிசெய்யவில்லை.

1974 மே 8 அன்று சரக்கு ரயில் ஒன்று கடந்துபோன சிறிது நேரத்தில் பாலத்தில் புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். 200 அடி உயரத்துக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோக இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை. சுமார் 700 அடி நீளத்துக்குத் தண்டவாளமும் கட்டைகளும் நாசமாயின.

பென் சென்ட்ரலே தீ வைத்துவிட்டது என்ற பேச்சு ரயில் ஆர்வலர்களிடையே இன்றும் உண்டு. அந்தச் சதிக் கதை தேவையே இல்லை என்பது என் கருத்து. காவலாளியை நீக்கி, குழாயைக் கெடவிட்டு, காய்ந்த கட்டைகளின் மேல் ரயிலை ஓட்டியவனுக்குத் தீக்குச்சி எதற்கு? எரிந்ததோ கட்டை, பாலத்தின் எஃகு நின்றுகொண்டுதான் இருந்தது. பழுதுபார்க்க முடியாத சேதம் இல்லை. அதைச் செலவு செய்து பழுதுபார்க்க விரும்பிய கம்பெனி மட்டும்தான் இல்லை.

பாதிக்கப்பட்டது பாலத்தின் சொந்தக்காரர் இல்லை, பக்கத்திலிருந்தவர்கள். லீஹை அண்ட் ஹட்சன் ரிவர் என்ற சிறிய ரயில் கம்பெனியின் பிழைப்பே மேப்ரூக்கில் வேகன்களைக் கொடுப்பதும் வாங்குவதும்தான். பாலம் போனதும் அதன் கதை முடிந்தது. ஈரி லாக்கவானா நியூ இங்கிலாந்துக்கான வாசலை இழந்தது. இரண்டுமே 1976-இல் கான்ரெய்லுக்குள் கரைந்தன. தெற்கு நியூ இங்கிலாந்துக்கு மேற்கிலிருந்து ரயிலில் வரும் சரக்கு, நியூயார்க் துறைமுகத்தில் படகில் ஏற்றிக் கடத்தும் சிறு அளவைத் தவிர, இன்றும் வடக்கே செல்கர்க் வரை போய் ஆற்றைக் கடந்து மீண்டும் தெற்கே இறங்க வேண்டும். ரயில்காரர்கள் இதை ‘செல்கர்க் தடை’ என்றே சொல்கிறார்கள். அந்தச் சுற்றை விரும்பாத சரக்கு லாரிக்குப் போய்விட்டது.

யாருக்கும் வேண்டாத சொத்து

திவாலான ரயில் நிறுவனங்களை ஒன்றாக்கி மத்திய அரசு 1976 ஏப்ரலில் உருவாக்கிய கான்ரெய்லின் வேலையே, உபயோகமற்ற தடங்களை வெட்டி எறிந்து லாபம் காண்பது. பாலத்திலிருந்த தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டது. பாலத்தைக் கழற்றுவது அவ்வளவு சுலபமில்லை. கீழே ஆறு மட்டும் ஓடவில்லை. கிழக்குக் கரையில் பாலத்தின் அணுகுபகுதி அரை மைல் தூரத்துக்கு நகரத்தின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் மேலாகவே போகிறது. நெடுஞ்சாலை 9 அதன் அடியில்தான் ஓடுகிறது. இரு கரைகளிலும் பாலத்துக்குக் கீழே ரயில் பாதைகள் உண்டு, அவற்றில் ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இதற்கு மேலே இருக்கும் எஃகைத் துண்டு துண்டாக வெட்டி, யார் தலையிலும் விழாமல் இறக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு இரும்பின் பழைய விலையை விழுங்கிவிடும்.

1979-இல் பாலம் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இதைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பதிவு தனியார் சொத்தின் சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. அவர் தன் பணத்தில் இடிக்க விரும்பினால் இடிக்கலாம். இந்தப் பாலத்தைக் காப்பாற்றியது பட்டயம் இல்லை, இடிக்க ஆகும் செலவு.

அப்படித்தான் 1984-இல் ஒரு டாலர் விற்பனை நடந்தது. வாங்கியவருக்கு ஒரு கணக்கு இருந்தது: பாலத்தின் மேலாக மின்கம்பிகள் போய்க்கொண்டிருந்தன, அதற்கு மின் நிறுவனம் கொடுத்துவந்த வாடகை. ஆனால் மின் நிறுவனம் கம்பிகளைப் பாலத்திலிருந்தே அகற்றிக்கொண்டது. வருமானம் போனதும் மிஞ்சியது பொறுப்பு மட்டுமே. வரி கட்டப்படவில்லை. கப்பல்களுக்கான விளக்குகள் அணைந்து கிடந்ததால் கடலோரக் காவல் படையின் அபராதம் ஏறியது. 1990-இல் இரண்டாவது ஆளிடம் பாலம் போனபோதும் எதுவும் மாறவில்லை. மக்கிய கட்டைத் துண்டுகள் கீழே விழும் பயத்தோடு பாலத்தடி மக்கள் வாழ்ந்தார்கள்.

வரி பாக்கிக்காகச் சொத்தைப் பறிமுதல் செய்ய உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. ஒரு வீடு என்றால் செய்திருப்பார்கள். இந்தப் பாலத்தைப் பறிமுதல் செய்தால் அடுத்த நாள் காலையிலிருந்து விளக்கு, விழும் கட்டை, வழக்கு எல்லாம் உள்ளாட்சியின் தலையில். எந்தப் பொருளாளர் அதற்குக் கையெழுத்துப் போடுவார்? வரி கட்டாதவரிடம் சொத்தை விட்டுவைப்பதே அரசுக்கு மலிவு என்ற விசித்திரமான நிலை. நம் ஊர்களில் வாரிசுத் தகராறில் இடிந்துகொண்டிருக்கும் கூட்டுக் குடும்ப வீடுகளைப் போன்ற நிலைதான், ஒரு வித்தியாசத்தோடு: அங்கே எல்லோரும் பங்கு கேட்பார்கள், இங்கே எல்லோரும் பங்கு வேண்டாம் என்றார்கள்.

தன்னார்வலர்களும் பெரும் பணமும்

1990-களின் தொடக்கம் பொக்கிப்சிக்குக் கெட்ட காலம். வட்டாரத்தின் பெரும் முதலாளியான ஐபிஎம் 1993-இல் ஆயிரக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நீக்கியது. நகரத்தின் மையப் பகுதி ஏற்கெனவே வெறிச்சோடிக் கிடந்தது. இந்தச் சூழலில் பில் செப்பி என்ற உள்ளூர்க்காரர் 1992-இல் பாலத்தை நடைபாதையாக்கலாம் என்று கிளம்பினார். ‘வாக்வே ஓவர் த ஹட்சன்’ என்ற அமைப்பு உருவானது. 1998-இல் பாலத்தின் உரிமை சட்டப்படி அந்த அமைப்பின் கைக்கு வந்தது.

செப்பியின் நம்பிக்கை தன்னார்வலர்களின் உழைப்பிலும் சிறு நன்கொடைகளிலும் இருந்தது. அரசுப் பணத்தை அவர் நம்பவில்லை. இந்த மனப்பான்மையை நான் மதிக்கிறேன். அவர் இல்லையென்றால் பாலத்தை ஏற்றுக்கொள்ள ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் 212 அடி உயரத்தில் பொதுமக்களை நடக்கவிடும் கட்டமைப்பை வாரக் கடைசி உழைப்பில் முடித்துவிட முடியாது. அமைப்புக்குள் கருத்து வேறுபாடு முற்றியது. 2000-களின் நடுவில் தலைமை ஃபிரெட் ஷேஃபர் என்ற வழக்கறிஞரிடம் போனது. அவர் நேர்மாறான வழியைப் பிடித்தார்: முறையான பொறியியல் ஆய்வு, மாநில அரசு, மத்திய அரசு, அறக்கட்டளைகள். உள்ளூரின் டைசன் அறக்கட்டளை தொடக்கத்திலேயே தோள்கொடுத்தது.

முக்குளிப்பவர்கள் அஸ்திவாரத்தையும், பொறியாளர்கள் மேலே எஃகையும் சோதித்தார்கள். கன எஞ்சின்களுக்காக 1907-இல் நுழைத்த நடுச் சட்டகம் இப்போது வேறு விதத்தில் உதவியது. பாலத்தின் தாங்குதிறனுக்கு முன்னால் மனிதக் கூட்டத்தின் எடை பெரிய விஷயமில்லை. இடிக்க ஆகும் செலவை விட மாற்றியமைக்க ஆகும் செலவு குறைவு என்ற வாதம் அதிகாரிகளிடம் எடுபட்டது. அழகு, வரலாறு, சுற்றுலா என்று எவ்வளவு பேசினாலும், கோப்பை நகர்த்தியது இந்த ஒப்பீடுதான் என்று நினைக்கிறேன்.

நேரமும் ஒத்துழைத்தது. ஹென்றி ஹட்சன் இந்த ஆற்றில் கப்பல் செலுத்தி வந்தது 1609-இல். நானூறாம் ஆண்டு விழாவை 2009-இல் மாநிலம் கொண்டாட இருந்தது. விழாவுக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. முன்வார்ப்புக் காங்கிரீட் பலகைகளை வரிசையாகத் தூக்கி வைத்து, இருபுறமும் கைப்பிடிக் கம்பி அமைத்து, 3.88 கோடி டாலர் செலவில் வேலை முடிந்தது. 2009 அக்டோபர் 3 அன்று பாலம் மாநில வரலாற்றுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் அதைத் தேசியப் பொறியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2014-இல் பொக்கிப்சி கரையிலிருந்து நேரே மேலேறும் லிஃப்ட் ஒன்றும் வந்தது; ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் நடந்தே போய் ஏறிவிடலாம். பாலத்தின் இரு முனைகளும் பழைய ரயில் தடங்களில் அமைந்த நடைபாதைகளோடு இணைந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் அளவில் வருகிறார்கள்.

இதை முழு வெற்றியாகச் சொல்லும் கட்டுரைகளே அதிகம். எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, ரயில் வழி போய்விட்டது. நியூ இங்கிலாந்துக்குள் ஓடும் லாரிகளைக் குறைக்க வேண்டும் என்று இன்று பேசும்போது, ஹட்சனின் கீழ்ப்பகுதியில் சரக்கு ரயில் கடக்க ஒரு பாலம் இருந்ததை நினைத்துப் பார்க்கத்தான் முடியும். அந்தத் தடத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். இன்னொன்று, கணக்கு. ரயில் கம்பெனிகள் எண்பத்தைந்து ஆண்டுகள் இந்தப் பாலத்தில் வருமானம் பார்த்தன. பராமரிப்பைக் கைவிட்டதால் வந்த நஷ்டத்தை ஒரு டாலருக்குக் கழற்றிவிட்டன. கோடிக்கணக்கில் செலவழித்துப் பாலத்தை மீட்டது வரிப்பணமும் நன்கொடையும். கைவிடும் உரிமையோடு, அகற்றுவதற்கான பணத்தை முன்கூட்டியே வைப்பில் கட்ட வேண்டும் என்ற விதியும் இருந்திருந்தால், 1984-இல் அந்தக் கிரயப் பத்திரமே எழுதப்பட்டிருக்காது.

பொறுப்பு கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் பொருத்தமானது. பூங்காவைப் பராமரிப்பது மாநிலப் பூங்காத் துறை. பாலத்தின் எஃகுக்கும் தூண்களுக்கும் பொறுப்பு நியூயார்க் மாநிலப் பாலங்கள் ஆணையம். அந்த ஆணையத்தின் முக்கிய வருமானம் மிட்-ஹட்சன் உள்ளிட்ட ஐந்து வாகனப் பாலங்களில் வசூலாகும் சுங்கம். நடப்பவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பக்கத்துப் பாலத்தில் கிழக்கு நோக்கிக் கடக்கும் ஒவ்வொரு காரும் லாரியும் கட்டும் பணத்தில்தான் ரயில் பாலத்தின் பராமரிப்பு நடக்கிறது.